ஏழாம் கேள்வி

டிபுரோன் துறையிலிருந்து பத்தே நிமிடம்தான் படகு.
பையில் முப்பத்தொரு விடைத்தாள்.
இருபத்தொன்பது திருத்தியாயிற்று.
இரண்டு மட்டும் தனியாக, ரப்பர் பேண்டுக்குள்.

மிசிசிப்பி ஆறு எங்கே கடலில் கலக்கிறது?
ஹட்சன் விரிகுடாவில், என்கிறாள் இட்செல்.
ஹட்சன் விரிகுடாவில், என்கிறான் டாரியன்.
பக்கத்துப் பக்கத்து இருக்கை.
இருவருமே ஹட்சனுக்கு ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.
இரண்டு பேருக்கு ஒரே சரி வரலாம்,
ஒரே பிழை தானாக வராது.
வல்லேஹோ பள்ளியில் பதினெட்டு வருஷமாக
இந்த ஒரு விதியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

அடுத்த மாதம் வகுப்பை இங்கே கூட்டி வர வேண்டும்.
கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, ஏற எத்தனை படி
என்று பார்த்துப்போக வந்தவள் நான்.
ஏஞ்சல் தீவில் எனக்கு அடைபட்ட உறவு எவருமில்லை.
அப்பா கடற்படைச் சீருடையில் வந்து இறங்கியவர்.
ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம் அவரை.
பாலாகூன் என்ற பெயரைத்தான்
மூன்று தரம் எழுத்துக்கூட்டச் சொன்னார்களாம்.

பாதையில் ஒரு மான்
குப்பைத்தொட்டியை முகர்ந்துகொண்டிருந்தது.
என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி முகர்ந்தது.

முகாமின் மரச்சுவரில் சீன எழுத்துகள், கத்தியால் கீறியவை.
பெயின்ட் அடித்து மறைத்தார்களாம்,
அதன்மேல் இன்னொரு பூச்சு, இன்னொரு பூச்சு.
எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது.
மேசையைக் கீறிய பையனுக்குப் போன வாரம்தான்
சனிக்கிழமைத் தண்டனை கொடுத்தேன்.
என்ன கீறினான் என்று வாசித்துப் பார்க்கவில்லை.

வழிகாட்டி ஸெட்டோ, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்,
நிறுத்தம் அறிவிக்கும் குரலில் கேட்கிறார்:
உன் வீட்டு வாசல் எந்தத் திசை?
கிணற்றுக்கு எத்தனை எட்டு?
மூன்றாம் வரிசையில் இரண்டாம் வீடு யாருடையது?
அரிசிப் பானை எந்த மூலையில்?
நாய் உண்டா? உண்டென்றால், என்ன நிறம்?

மகனிடம் ஒரு நாள். தகப்பனிடம் வேறொரு நாள்.
விடைகள் பொருந்தினால் கரை.
பொருந்தாவிட்டால் வந்த கப்பல்.

அதனால் பிட்டு எழுதி வைத்திருந்தார்களாம்.
கப்பலில் இரவெல்லாம் உருப்போட்டு,
கரை கண்ணில் படுமுன்
கிழித்துக் கடலில் போட்டுவிடுவார்களாம்.
பொய் மகன்களா, என்றேன்.
நிஜ மகன்களும்தான், என்றார் ஸெட்டோ.
நிஜத்துக்கு ஞாபகம் கொஞ்சம் கம்மி, மிஸ்.

ஒரு பையன், கட்டிலுக்கடியில் மண்தரை என்றான்.
அப்பா செங்கல் என்றார்.
அவர் விட்டுப்போன பிறகு, ஒரு பஞ்ச வருஷத்தில்,
செங்கல்லைப் பெயர்த்து விற்றிருக்கிறார்கள்.
இருவர் சொன்னதும் உண்மை.
எட்டு மாதம் உள்ளே இருந்தான்.

துறையில் காத்திருக்கும்போது தங்கைக்குச் செய்தி அனுப்பினேன்:
நம் பழைய வீட்டுக் கதவு நீலமா பச்சையா?
உடனே பதில் வந்தது:
எந்தக் கதவு? அங்கே வலைக்கதவு மட்டும்தானே?

திரும்பும் படகில் ரப்பர் பேண்டை உருவினேன்.
எதிர்வெயிலில் இட்செலின் தாள் விளக்குக்கூடு மாதிரி ஒளிர,
ஹட்சனுக்கு அடியில் இன்னொரு வரி தெரிந்தது.
அழித்தது. அழுத்தி அழுத்தி அழித்தது.
மெக்சிகோ வளைகுடா.
எழுத்தெல்லாம் சரி, ஒற்றுப்பிழைகூட இல்லை.

டாரியனின் தாளில் அழித்த தடம் எதுவுமில்லை.

சரியை அழித்துத் தவறை ஏன் எழுதினாள்?
அவனை நம்பியா,
அவன் தனியாகத் தவறக் கூடாதென்றா?
சிவப்புப் பேனாவைத் திறந்தேன். காற்று மூடியைப் பறித்துக்கொண்டு போனது.
ஒரு கடற்காகம் அதைத் தின்பண்டம் என்று நினைத்துத் தாழ்ந்து,
இல்லை என்று கண்டு ஏறியது.

திங்கட்கிழமை கேட்டாக வேண்டும்.
தனித்தனி அறையிலா,
இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தா,
அதுதான் தெரியவில்லை.