சட்டை

இருபது லிட்டர் தொட்டி.
அதற்கு மேல் பெரிதாக வைக்க
எங்கள் சமையலறை மேடையில் இடமில்லை.
ஒரு பக்கம் ரொட்டிப் பெட்டி,
மறு பக்கம் போர்ஷெக்கின் மாத்திரை டப்பா.
நடுவே இரண்டு பிடி மணல்,
கொதிக்கவிட்டு ஊறப்போட்ட ஓக் இலைகள்,
கவிழ்த்த மண்சட்டி,
ஆரஞ்சு நிறத்தில் அவள்.

என் சுண்டுவிரலில் முக்கால் நீளம்.
கடைப் பையன் சொன்னான்:
சிங்கி இறாலுக்குக் குள்ள உறவு.
செடியைப் பிடுங்காது. மீனைத் துரத்தாது.
ஓஸ்த்ராவாவின் குளிருக்குக்கூட ஹீட்டர் கேட்காது.
முதல் இரண்டும் ஏறக்குறைய உண்மை.

கொடுக்குகளை உயர்த்தி மிரட்டுவாள்,
என் கரண்டியை, என் நிழலை,
கண்ணாடியில் ஊரும் நத்தையை.
நத்தை ஒருநாளும்
வழி மாற்றிக்கொண்டதில்லை.

நான் பல் செய்கிறவள்.
இந்த ஊர் வாய்களில் மின்னும் உறைகளில் பாதி
என் சூளையில் வெந்தவை.
கடித்துப் பார்த்து, உரசிப் பார்த்து,
கெட்டியானதை மட்டுமே நம்பிப் பழகிய கை.

அந்த வாரம் அவள் பட்டாணியைத் தொடவில்லை.
சனிக்கிழமை வேலை முடிந்து வந்தேன்.
தொப்பியைக் கையில் பிடித்தபடி
போர்ஷெக் நின்றிருந்தான்.
"போய்விட்டாள், ட்ராஹா.
மல்லாந்து கிடந்தாள்.
செய்தித்தாளில் சுற்றிக்
கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.
பாவம், எடையே இல்லை."

கோட்டைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றேன்.
எடையே இல்லையா?
கிராமில் பத்தில் ஒரு பங்கைக்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன் நான்.
எத்தனை சின்ன உயிரானாலும்
பிணத்துக்கு ஒரு கனம் உண்டு.

மண்சட்டியை மெல்ல நிமிர்த்தினேன்.
மூலையில்,
வெகுநேரம் குளித்து ஊறிய நகம்போல
வெளிறி, நொய்ந்து,
இரண்டு கறுப்பு மிளகுக் கண்கள்.
கொடுக்கை உயர்த்தவில்லை.
உயர்த்தினால் வளைந்துவிடும்.

உரிப்பதற்கு முன்
வயிற்றில் இரண்டு சுண்ணாம்புக் கற்களைச்
சேர்த்து வைத்துக்கொள்வாளாம்.
போதாது.
மிச்சத்தைப் பழைய ஓட்டைத் தின்றுதான் தேற்ற வேண்டும்.
அந்த ஓடோ நான்கு மாடி கீழே,
காபிச் சக்கைக்கும் பீட்ரூட் தோலுக்கும் நடுவே.

இறங்கினோம். மைனஸ் ஒன்பது.
பையைப் பனியில் கவிழ்த்தோம்.
பீட்ரூட் பட்ட இடமெல்லாம் பனி சிவந்தது.
அவன் டார்ச் பிடிக்க,
நான் சக்கையை விரலால் அளைந்தேன்.
இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.
திருமதி வவ்ருஷ்கோவா.
"இந்நேரத்தில் என்ன தேடுகிறீர்கள்?"
"சட்டை" என்றான் போர்ஷெக்.
"யாருடைய சட்டை?"
சற்று யோசித்தான்.
"வீட்டுக்காரியோடது."
நான் கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டேன்.

கிடைத்தது.
ஒரு கொடுக்கு ஒடிந்திருந்தது.
மீசை ஒரு பக்கம் மட்டும் முழுசாக.
உள்ளே ஒருவரும் இல்லாத,
அச்சுப் பிசகாத அவள்.
கழுவித் தொட்டியில் விட்டோம்.
அவள் திரும்பியும் பார்க்கவில்லை.
நத்தை முதலில் வந்து சேர்ந்தது.
அதன்பின் இருவரும் தூங்கிவிட்டோம்.
காலையில் வால் மட்டும் மிச்சம்.
தின்றது யாரென்று
இதுவரை சாட்சி இல்லை.

ஐந்தாம் நாள் வெளியே வந்தாள்.
ஓர் அரிசி நீளம் கூடியிருந்தாள்.
கொடுக்கை உயர்த்தி என்னை மிரட்டினாள்.
ஒரு அடி பின்வாங்கினேன்.
மரியாதைக்குத்தான்.

போர்ஷெக் இப்போதெல்லாம்
எதையும் எறியுமுன்
உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறான்.
முட்டை ஓட்டை. மின்கட்டண உறையை.
நேற்று,
ஜோடி தொலைந்த என் இடது கையுறையை
வெகுநேரம்.