அமீனா

முதலில் வந்தது அசல் அமீனா.
கோர்ட்டுக் காகிதமும் டெம்போவுமாக வந்தவர்
ஆறு தறியில் நாலைக் கழற்றிக்கொண்டு போனார்.
மோர் கொடுத்தேன், வேண்டாமென்று
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே ஐப்பசியில் சாக்கடை வழியாக நீ வந்தாய்.
மூடிப் பார்த்தாய், திறந்து பார்த்தாய்,
நாலு தறி நின்ற இடத்தில் குடியேறினாய்.
‘ஆமை புகுந்த வீடும்...’ என்று பாரிஜாதம்
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தொடங்கினாள்.
முடிக்க விடவில்லை நான்.
ரெண்டும்தான் புகுந்தாச்சே, இனி என்ன?
உனக்கு அந்தப் பெயரையே வைத்தேன்.

ஒன்பது வருஷம்.
இன்றோடு பதினோரு நாள் நீ சாப்பிடவில்லை.

வெள்ளரிப்பிஞ்சு வைத்தேன். முருங்கைக்கீரை வைத்தேன்.
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் பின்னால்
கள்ளிப்பழம் பறித்து, தணலில் காட்டி,
முள் போகத் தேய்த்து, நறுக்கி வைத்தேன்.
அந்த மனிதர் மோரை மறுத்தது போலவே
நீயும்.
மூக்கில் ஒரு குமிழி வருகிறது, உடைகிறது,
இன்னொன்று வருகிறது.
வெளியே பனியில் நகரி மூக்கையே காணோம்,
மலை மொத்தமும் முகத்தை
உள்ளே இழுத்துக்கொண்டது போல.

மாட்டாஸ்பத்திரியில் மஸ்தானய்யா
நூல்பையைப் பிரித்தார், உடனே மூடினார்.
இந்த நட்சத்திர ஓட்டை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்.
‘நுவ்வு தேலேது, நேனு சூடலேது.’
நான் கொண்டுவரவில்லை, அவர் பார்க்கவில்லை.
பிறகு வாசல் வேப்பமரத்திடம் சொல்வது போலச் சொன்னார்:
தாடை முங்காமல் வெதுவெதுப்பான தண்ணீர்,
இருபது நிமிஷம், தினமும்.
ராத்திரியில் சூடு.
மரம் தலையாட்டவில்லை.
நான் ஆட்டினேன்.

சூடு தரும் குண்டு பல்பை இப்போது யார் விற்கிறார்கள்?
நகரியில் இல்லை. எல்லை தாண்டி
பள்ளிப்பட்டிலும் வெள்ளை வெளிச்சம்தான்,
தொட்டால் ஐஸ்.
பொதட்டூர்ப்பேட்டை கோழிப்பண்ணையில்
துளசிராமன் ஒன்றைக் கழற்றித் தந்தார்.
‘குஞ்சுக்கா?’
‘ஆமா, குஞ்சுக்குத்தான்.’
பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்,
இரண்டு மாநிலத்துப் பள்ளத்துக்கும் உடையாமல்.

நூல் நிறுக்கும் தராசில் உன்னை நிறுக்கிறேன்.
உற்பத்தி நோட்டில் அதே வரிசையில்:
சேலை மூன்று. பாவு அறுந்தது இரண்டு.
அமீனா ஒரு கிலோ நூற்றுநாற்பது.
சேலை இரண்டரை. அமீனா ஒரு கிலோ நூற்றுப்பத்து.
கரண்ட் இல்லை. அமீனா ஒரு கிலோ எண்பது.

கரண்ட் போகிற ராத்திரிகளில்
தறி நிற்கும், பல்பும் நிற்கும்.
உன்னைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்வேன்.
அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு படுத்தது போல.
ஆனால் அம்மிக்கல் மூச்சுவிடாது.

இருட்டில் சம்பங்கி கேட்டான்:
‘தேறினா என்ன செய்யப் போற?’
தேறினால் மலையில் விட வேண்டும், அதுதான் நியாயம்.
தேறாவிட்டால் புறக்கடை மண்.
எப்படியும் மறுபடி ஒருமுறை
இந்த இடம் காலியாகும்.
பேர் வைத்தபோது இதை யோசிக்கவில்லை.
அவனிடம், ‘குளிருது, கதவச் சாத்து’ என்றேன்.

இன்று காலை, பேசின் தண்ணீரில்
கொஞ்சம் வெள்ளையாகக் கழிந்திருந்தாய்.
அதையும் எழுதினேன்.
துடைத்துத் தரையில் விட்டுவிட்டு
அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன்.
கண் நூலில் இருந்தது.
காலில் போன வாரத்து மருதாணி, இன்னும் சிவப்பாக.

சுள்ளென்றது.

பெருவிரலைக் கவ்விக்கொண்டு நிற்கிறாய்,
கழுத்து முழுக்க வெளியே,
ஒன்பது வருஷத்தில் நான் பார்த்திராத நீளத்துக்கு.
பசியா, இத்தனை நாள் நான் படுத்தியதற்குக் கோபமா,
தெரியவில்லை.
தறியை நிறுத்தினேன்.
காலை இழுக்கவில்லை.
எட்டிப் பிடித்து நோட்டை எடுத்தேன்:

அமீனா ஒரு கிலோ எழுபத்தைந்து.
கடித்தது.