மூன்று டைமன்

பிடோக் சமூக மன்றம், இரண்டாம் மாடி.
குளிரூட்டி என் பிடரிக்கு நேரே.
கையில் ஏழு டைமன்: ராணி, ஜாக்கி, பத்து,
பிறகு பொடிசுகள் நாலு.
மற்ற ஆறும் சும்மா வந்தவை.

போன வெள்ளி இதே துணிச்சல்
இரண்டாம் இருக்கையில் வந்து தொலைத்தது.
எதிரே சியூ லெங், இருபத்தொரு புள்ளியோடு
வாயடைத்துப் போனாள்.
நான் பூட்டியது எங்கள் வீட்டையே.
பேருந்து நிறுத்தம்வரை அவள் பேசவில்லை.

இன்று முதல் ஆளாய் அவளே பாஸ்.
டோரீனும் பாஸ்.
அப்படியானால் படமெல்லாம் என் இடப்பக்கம்,
பெரேராவிடம்;
கண்ணாடியைத் துடைக்கும் நிதானமே சொல்கிறது.
அவர்கள் சிவப்பு, நாங்கள் பச்சை.
விழுந்தால் சிராய்ப்புதான்.

கீழே உணவங்காடியில்
சோறு வாங்கும் முன்னே
மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் போடுவோமே,
அப்படிப் போட்டேன்:
மூன்று டைமன்.

பெரேரா அட்டைப்பெட்டியைத் தொட்டார்,
விட்டார், தொட்டார்.
டபுள்.
டோரீன் அசையவில்லை. அவளிடம்தான் மீதி டைமன்.

மூன்று பிடி குறையும், ஐந்நூறு;
அவர்களின் நாலு இஸ்பேடு அறுநூற்றிருபது;
லாபம்தான் என்று எண்ணி முடிப்பதற்குள்
சியூ லெங் சீட்டுகளை விரித்தாள்.
இஸ்பேடு ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது.
விட்டிருந்தால்
அவர்களே விழுந்திருப்பார்கள்.

"நானும் அதைத்தான் வைத்திருப்பேன்,"
ஐந்நூறை எழுதிக்கொண்டே சொன்னாள்,
நிமிராமல்.

அடுத்த போர்டு. இருதரப்பும் சிவப்பு.
டோரீன் பாஸ்.
எனக்கு இரண்டாம் இருக்கை,
எட்டு கிளாவர்,
கை துறுதுறுக்கிறது.