பெரிய கொடுக்கு

மன்னார்குடி பந்தலடி, என் ரேடியம் கடை.
கல்லூரியிலிருந்து மூன்று ஹெல்மெட் வந்திருக்கிறது,
மூன்றிலும் பல வருஷத்து வியர்வை.
ஒட்டினதை உரித்துப் புதுசு போடணுமாம்.

முதலில் இருந்தது வெறும் எழுத்து.
எண்பத்தெட்டில், போர்டு எழுதும் சவரியப்பன்
பஸ்ஸுக்குப் பேர் எழுதி மிஞ்சின வெள்ளையில்
கல்லூரியின் தலையெழுத்தைப் போட்டார்.
அப்போது அணிக்கே ஒரு ஹெல்மெட்.
அவுட் ஆனவன் கழற்றிக் கொடுக்க
அடுத்தவன் ஈரத்தோடு மாட்டிக்கொள்வான்.
தலையெழுத்து எல்லாருக்கும் ஒன்றுதான்.

பிறகு நண்டு.
பாமணிக் கரை மைதானத்தில் மழை விட்டால்
லெக் ஸ்டம்புக்கு வெளியே வளை வளையாக இருக்கும்.
ஸ்பின்னே தெரியாத தாஜுதீன்
வளை பார்த்துக் குத்தி ஐந்து விக்கெட் எடுத்தான்.
"நண்டுப் பயலுக" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.
அந்த வாரமே வரைந்தேன், ஒரு கொடுக்கு மட்டும் பெரிசாக.
பச்சை ஒரு கட்சி. மஞ்சள் ஒரு சாதி.
சிவப்பைப் பார்த்தும் பிரின்சிபால் முகம் சுளித்தார்.
"வெந்தா எல்லா நண்டும் சிவப்புதான் சார்."

பதினாறில் கட்டிங் மெஷின் வாங்கினேன்,
அதோடு சிங்கம் வந்தது.
கோயில் தூணைத் தவிர
இந்தப் பக்கம் எவன் சிங்கம் பார்த்தான்?
கேட்டார்கள், வெட்டினேன்.
பட்டுக்கோட்டைக்காரர்களும் கேட்டார்கள்.
அதே ஃபைல்தான், ஏன் பொய் சொல்ல.
ஃபைனலில் கீப்பர் சிங்கம்
பேட்ஸ்மேன் சிங்கத்தை ஸ்டம்பிங் செய்தது.
நான் டீக்கடைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன்.

கஜா அடித்த மறுநாள்
பையன்கள் இதையே மாட்டிக்கொண்டு
ரோட்டில் கிடந்த தென்னையை அறுக்கப் போனார்கள்.
தொங்கின மட்டை ஒன்று விழுந்ததில்
சிங்கத்துக்குப் பாதி முகம் போயிற்று.
உள்ளே இருந்தவனுக்கு ஒன்றுமில்லை.

இப்போது பெண்கள் அணிக்கு.
கேப்டன் செங்கொடி ஸ்டூலில் உட்கார்ந்து
மீதிப் பிடரியை நகத்தால் சுரண்டுகிறாள்.
பிசினுக்கு அடியில் எட்டுக் கால் தெரிகிறது.
கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில்
பெயிண்ட் பெயர்ந்து
சவரியப்பனின் வெள்ளை.

"இதையே போடுங்கண்ணே.
பெரிசு எந்தப் பக்கம்?"

நான்தான் வரைந்தேன், ஞாபகமில்லை.

"ரெண்டுக்கு இடது, ஒண்ணுக்கு வலது வைங்க" என்கிறாள்,
"எது முதல்ல அவுட் ஆகுதுன்னு பாத்துடுவோம்."