பதினொன்றாவது முள்

கடலூர் முதுநகர்த் துறைமுகம். காலை ஐந்தே முக்கால்.
அஞ்சலாட்சி கூடையைக் கவிழ்த்தபோது
சங்கராவும் கிளிச்சையும் சறுக்கி ஓடின.
இது மட்டும் தொப்பென்று விழுந்து
வாய் திறந்து கிடந்தது,
பேர் கேட்டால் சொல்லிவிடும் போல.

"களவாம்மா. பார் மேல தூண்டில்ல பட்டது."

களவா என்பது எனக்குப் போதாது.
என் படிவத்தில் களவாவுக்குப் பதினான்கு கட்டம்.
அவளுக்கு மூன்றே:
ஓட்டல் எடுக்கிறது, வீடு எடுக்கிறது, கம்பெனி எடுக்கிறது.
கூடை கவிழ்கிற நேரத்துக்குள்
மூன்றையும் பிரித்து முடித்துவிடுகிறாள்.

என் புத்தகம் இரண்டிரண்டாய்க் கேட்கும்.
வால் வட்டமா, கத்தரித்ததா?
வட்டமென்றால் ஒன்பதாம் கேள்விக்குப் போ.
செவுள் மூடியில் முள் மூன்றா? மூன்று.
முதுகில் முள் ஒன்பதா, பதினொன்றா?

எண்ணினேன். பத்து.
வாலிலிருந்து தலைக்குத் திருப்பி எண்ணினேன்.
பத்து.
பத்து முள்ளுக்குப் புத்தகத்தில் இருப்பது ஒரே களவா,
எலி மூஞ்சியும் கூன் முதுகுமாய்.
இதற்குக் கூன் இல்லை.

"நானூறு, நானூறு, நானூத்திப் பத்து…"
குணவேந்தன் ஏலக்குரல் என் விரலைவிட வேகம்.
ஓட்டல்காரர் காலால் மீனைத் திருப்பிப் பார்த்தார்.
என் வாய் தானாகச் சொன்னது: நானூத்தி இருபது.
எல்லோரும் திரும்பினார்கள்.
ஒன்றரைக் கிலோ. அறுநூற்று முப்பது ரூபாய்.
இந்தச் செலவுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பஸ்ஸில் பை ஒழுகியது.
மீனுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர்.
சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாரோ என்னவோ.
கெடிலம் பாலம் தாண்டும்வரை
முதுகை வருடிக்கொண்டே வந்தேன்.
சுருக்கென்றது.
தலையை ஒட்டி, தோலுக்குள் புதைந்து,
அரை அங்குலத்தில் ஒடிந்துபோன முதல் முள்.
கட்டைவிரலில் ரத்தம் வந்ததும் கத்திவிட்டேன்:
"பதினொன்னு!"
பக்கத்து சீட் அம்மா பையை மடியில் இழுத்துக்கொண்டார்.

மஞ்சக்குப்பத்து அறையில்
பழைய தினசரி விரித்துக் கிடத்தினேன்.
இனி மிச்சம் ஒரே கேள்வி.
புள்ளி ஆரஞ்சென்றால் ஒரு பேர், கறுப்பென்றால் இன்னொரு பேர்.
இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி,
கற்றவர்களே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள்.
ஐஸ் ராத்திரி முழுக்க நிறத்தைக் கழுவியிருந்தது.
டியூப்லைட்டில் ஒரு மாதிரி, ஜன்னலில் ஒரு மாதிரி.
ஐப்பசி வானமும் அன்று உதவவில்லை.

நித்திலாவை எழுப்பினேன்.
சிப்காட்டில் சாயம் சோதிக்கிறவள்.
ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.
"ஆரஞ்சும் இல்ல, கறுப்பும் இல்ல.
போன வாரம் நாங்க திருப்பி அனுப்புன பேட்ச் இது."
போர்வையை இழுத்துக்கொண்டாள்.

வயிற்றைக் கீறினேன். முட்டைப்பை.
பெண் என்று எழுதினேன், பென்சிலால்.
களவா பெண்ணாய் முட்டையிட்டு, பெருத்து,
பிறகொரு நாள் ஆணாகிவிடும்.
இன்னும் சில வருஷம் அந்தப் பாரிடுக்கில் இருந்திருந்தால்
இதே கட்டத்தில் வேறு சொல்.

பேரினத்தின் பேர் எபினெஃபிலஸ்.
மேகம் மூடியது என்று பொருளாம்.
வைத்தவர் எந்தக் கடற்கரையில் நின்றாரோ,
மீனைப் பார்த்தாரோ, மேலே பார்த்தாரோ.
அதுவரை எழுதினேன்.
அடுத்த சொல்லுக்கு இடம் விட்டேன்.

காதுக்கல் இரண்டும் புட்டியில்.
ஒரு துளி செதில் சாராயத்தில்.
மீதியை நித்திலா புளி கரைத்துக் கொதிக்கவிட்டாள்.
இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம்.
நன்றாக இருந்தது, அதையும் எழுத இடமில்லை.

மறுநாள் ஐந்தே முக்கால்.
அஞ்சலாட்சி கூடைக்குப் பின்னால்
ஈரச் சாக்கு போர்த்தி ரெண்டு களவா,
ஒன்றுக்கு வால் கிழிந்து, ஒன்றுக்குக் கண் கலங்கி.
ஓட்டல் எடுக்காது. வீடும் எடுக்காது. கம்பெனி தொடவே தொடாது.
"இது எண்ணிப் பாக்குறவங்க எடுக்கிறது" என்றாள்.
கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட.