பாதியின் பாதி

ரீகாவில், டௌகவா ஆற்றுப் பாலத்தின்
நட்டநடுவில் டிராமை நிறுத்தினாள் வெல்கா.
சிக்னல் இல்லை. குறுக்கே யாரும் வரவில்லை.
மார்புக்குள் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டிருந்தான்.
நெம்புகோலின் மேல் இருந்த விரல்கள்
வேறு யாருடையவோ.

பின்னால் நாற்பத்தோரு பேர்
கடிகாரம் பார்த்தார்கள்.

மருத்துவமனையில் இதயத்தின் கிறுக்கலை
நீளமாகக் கிழித்துக் காட்டினார்கள்.
"இதயத்துக்கு ஒன்றுமில்லை."
ஒன்றுமில்லாததற்கா இத்தனை சாவு?

பீதிக்கோளாறு என்று பெயர் வைத்த பிறகு
மாத்திரை வந்தது, வெள்ளை, நடுவில் ஒரு கோடு.
தூக்கம் வந்தது.
கூடவே சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்:
இது ரத்தத்தில் இருக்கும்வரை
டிராமைத் தொடக்கூடாது.
பணிமனையின் பின்னறையில்
தொலைந்த கையுறைகளுக்குச் சீட்டு எழுதினாள்,
எல்லாம் ஒற்றைகள்.
யாரும் ஜோடியாகத் தொலைப்பதில்லை.

மாதக்கணக்கில் அளவைக் குறைத்துக் குறைத்து
மருத்துவர் கடைசித் துணுக்கையும் நிறுத்திய அன்று
மருந்துக்கடை டைனிஸிடம் கேட்டாள்:
எப்போது போகும்?
அவன் தன் மதியச் சாப்பாட்டை எடுத்தான், கம்பு ரொட்டி.
பாதியாக வெட்டினான். பாதியைப் பாதியாக.
"உன் மருந்துக்கு ஏறக்குறைய
இரண்டு நாளுக்கு ஒரு வெட்டு.
இதற்கு அரை ஆயுள் என்று பெயர்."
சோதிடன்கூட வாய்விடத் தயங்கும் சொல்.
ஐந்தாம் வெட்டில் கட்டைவிரல் நகம் அளவு,
ஏழாவதில் கத்திக்கு அகப்படாத துகள்.
"முழுக்கத் தீரவே தீராதா?"
"கணக்கில் தீராது. உடம்பில் தீரும்."
துகளை வாயில் போட்டுக்கொண்டான்.

பயத்துக்கு இந்த ஒழுங்கு கிடையாது.
பாதியாகும், மறுநாள் ஒன்றரையாகும்,
ஆற்றில் பனி வெடிக்கும் சத்தத்துக்கு
முழு ரொட்டியாகத் திரும்பி வரும்.
ஆனாலும் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள்:
எத்தனை உயரம் ஏறினாலும்
உச்சியில் வெகுநேரம் நிற்க அதற்குத் தெரியாது.

மார்ச்சில், ரத்தச் சோதனை முடிவு வரும் முன்பே,
காசு கொடுத்துப் பயணியாக ஏறினாள்.
பாலத்தின் நடுவே அவன் வந்தான், கதவை உதைத்தான்.
வா என்றும் சொல்லவில்லை, போ என்றும்.
கம்பியைப் பிடித்தபடி
மிதந்துபோகும் பனிப்பாளங்களை எண்ணினாள்.
பதினேழில் எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

அக்கரையில் டிராம் நின்றபோது
ஒரு பையன் தரையைக் காட்டிக் கேட்டான்,
இந்தக் கையுறை உங்களுடையதா?
ஒன்றுதான் கிடந்தது.
தன் வெறும் கையைப் பார்த்தாள்.
ஆமாம்.