மூன்று கொம்புகள்

மார்த்தாண்டத்தில் சத்தியநேசன் கடை.
மேசைமேல் மூன்று ஆன்டெனா.
கைச்செட்டுக்கு எது நல்லது என்றேன்.
"கடலுக்குப் போறது யாரு, நீங்களாக்கும்?"
காசு எண்ணுறது நான் என்றேன்.
மூன்றையும் பொதிந்து கொடுத்தான்.
பிடிக்காத இரண்டை
உப்புப் படாமல்
புதன்கிழமை திருப்பித் தரணுமாம்.

உப்புப் படாமல்.
முட்டத்தில்.

செவ்வாய் விடியுமுன் வள்ளம் இறங்கியது.
லைட்ஹவுசுக்குக் கீழே பாறையில் நான்,
கூட்டுக்கு இன்னொரு செட்டும்
மகளுடைய கணக்கு நோட்டும்.
ஐந்து பாகம் ஆழம் கூடும்போதெல்லாம்
ததேயு எஞ்சினை அணைப்பார்,
மூன்றையும் மாற்றி மாற்றித் திருகி
ஒவ்வொன்றிலும் ஒரு சொல் சொல்வார்.
என்ன சொல் என்று முன்னமே பேசிக்கொள்ளவில்லை.
தெரிந்த சொல்லென்றால்
காது தானே கேட்டுவிடும்.

குட்டை ரப்பர் கொம்பு, என் சுண்டுவிரல் நீளம்:
பத்துப் பாகத்தில் "நெத்தோலி". தெளிவு.
பதினைந்தில் "அயிலை". தெளிவு.
இருபதில் ஏதோ "ளை".
வாளையா, சாளையா, தாளையா, எழுத முடியவில்லை.
இருபத்தைந்தில் மூச்சு மட்டும்.
அவர் மூச்சுதான், எனக்குத் தெரியும்,
ஆனால் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இழுத்து நீட்டுகிற எவர்சில்வர் கொம்பு, ஒன்பது கணு:
இருபத்தைந்தில் "கணவாய்".
முப்பதில் "வட்டிக்காரன்".
இத்தனை சொல் இருக்க இதை ஏன் எடுத்தார்?
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அப்புறம் அது வலைக்கயிற்றில் மாட்டி
மூன்றாம் கணுவில் வளைந்தது.
அப்போது அவர் சொன்ன சொல்லும்
மிகத் தெளிவாகவே கேட்டது.
மகளின் நோட்டு, எழுதவில்லை.

கறுப்புச் சாட்டைக் கொம்பு, இரண்டு முழம்.
அதுதான் ராஜா என்று சத்தியநேசன் சொல்லியிருந்தான்.
முப்பதில் "திருக்கை", பக்கத்தில் நின்று சொல்வதுபோல்.
ஆனால் அது அவரை மட்டுமா கொண்டுவருகிறது?
என் செட்டிலும் அதன் சோடியைத்தான் மாட்டியிருந்தேன்.
விழிஞ்ஞத்தில் ஒருவன் ஐசுக்கு விலை பேசுகிறான்,
எந்த நாட்டுக்காரனோ எந்த மொழியிலோ
எண்களாக அடுக்குகிறான்,
நடுவில் எண்ணெய்ச் சட்டியில் மீன் போட்ட இரைச்சல்.
கலப்பு மீனில் கை விட்டு
ஒற்றைச் சூரையைத் தேடுகிற மாதிரி
என் ஆளைத் தேடவேண்டியிருந்தது.

ஏழரை மணிக்கு ஒரு அலை
பாறை ஏறி என்னை நனைத்துப் போனது.
அதற்குப் பிறகுதான் பார்த்தேன்:
ஈரக் கையால் செட்டைப் பிடித்தால் குரல் ஏறுகிறது,
உப்புத் தண்ணி நின்ற குழியில் கால் வைத்தால் இன்னும்.
இருபத்தைந்தில் மூச்சாக வந்த குட்டைக் கொம்பு
முப்பதில் "கேக்குதா பிள்ளே" என்றது.

அப்படியானால் இதுவரை எழுதியதெல்லாம்?
எந்தச் சொல்லுக்கு நான் நின்றேன்,
எதற்கு உட்கார்ந்தேன்,
எதற்கு முந்தானையால் கை துடைத்தேன்,
ஒன்றும் குறிக்கவில்லை.
மூன்று கொம்பை ஒப்பிட்டேன்,
நாலாவது கொம்பாக நானே நின்றது தெரியாமல்.

நல்ல தண்ணியில் கழுவி,
துடைத்து,
புதன்கிழமை கொண்டுபோனேன்.
சத்தியநேசன் விரல்நுனியால் தடவி
நாக்கில் வைத்தான்.
மூன்றுக்கும் காசு வாங்கிக்கொண்டான்.
"செட்டுக்குப் பாதிதான் கொம்பு,
மீதி பிடிக்கிற கை" என்றான்.
முன்னமே சொல்லக் கூடாதா என்றேன்.
நீங்கள் கேட்டது கொம்பைத்தானே என்றான்.

ராத்திரி நோட்டை ததேயுவிடம் காட்டினேன்.
விரல் வைத்து வாசித்து வந்தவர்
கடைசி வரியில் நின்றார்.
முப்பத்தைந்து பாகம், சாட்டைக் கொம்பு, "ஐஸ்". தெளிவு.

அங்கே நான் செட்டையே எடுக்கவில்லை, என்றார்,
வலை ஏறிக்கொண்டிருந்தது.